ஒரு தட்டு... இரண்டு தட்டு... மூணு தட்டு! விமான இறக்கைக்குள் கேட்கும் ரகசிய பாஷை

ஓசூரில் தளி பஸ் ஏறுகிறீர்கள். ராகிக் கொல்லை, ரோஜாத் தோட்டம், தக்காளி ஏற்றிய டெம்போ... இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போனால் பெலகொண்டப்பள்ளி வரும். அங்கே ஒரு ரன்வே இருக்கிறது. சுமார் 7 ஆயிரம் அடி நீளம்!

"இந்தக் கிராமத்துல ஏது ரன்வே?" என்று புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பழகிப்போன சமாச்சாரம்.

இந்தியாவில் ராணுவத்துக்கு இல்லாத விமானங்களைத் தயாரிக்க ஒரு தனியார் கம்பெனி முதன் முதலாக இறங்கியது இங்கேதான். கம்பெனியின் பெயர் தனேஜா ஏரோஸ்பேஸ். 1994-ல் வேலை தொடங்கியது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில். ஆக, அப்போது அந்த ஊர் தர்மபுரி மாவட்டம். தர்மபுரி ஜில்லாவில் விமானம் கட்டினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? கட்டினார்கள்!

ஆறு பேர் உட்காரும் சின்ன விமானம் அது. இரண்டு என்ஜின். முழுக்க அலுமினியத் தகடு. பெயர் 'பி-68 சி'. இத்தாலி நாட்டின் பார்ட்டனேவியா கம்பெனியோடு கூட்டு வைத்துக் கட்டியது.

இந்த விமானத்தின் மூலக் கதையே சுவாரசியமானது. அதை வடிவமைத்தவர் லூயிஜி பாஸ்கலே. நேப்பிள்ஸ் நகரத்துக்காரர். அவரும் அவர் சகோதரர் ஜொவான்னியும் 1940-களின் கடைசியில் தாங்களே ஒரு சிறு விமானத்தைக் கட்ட ஆரம்பித்தவர்கள். அந்தக் கைவேலைதான் வளர்ந்து 1957-ல் பார்ட்டனேவியா கம்பெனி ஆயிற்று. 1970-ல் 'பி-68' முதன் முதலாகப் பறந்தது. சொந்தக் கையால் விமானம் கட்டிப் பழகிய ஆளின் டிசைன் கடைசியில் தளி ரோட்டுக்கு வந்து சேர்ந்தது.

கம்பெனியில் கட்டினாலும் சரி, வீட்டு ஷெட்டில் கட்டினாலும் சரி, அலுமினிய விமானத்துக்கு உயிர்நாடி ஒன்றுதான். ரிவிட்!

பஸ் பாடிக்கும் ரிவிட்தான்

ரிவிட் நமக்குத் தெரியாததா? கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைக்குப் போனால் பக்கத்துத் தகடு முழுக்க ரிவிட்தான். பழைய ரயில் பாலங்களில் வரிசை வரிசையாக குண்டுத் தலை தெரிகிறதே, அதுவும் ரிவிட்தான். பாலத்து ரிவிட்டை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி அடிப்பார்கள். விமானத்துச் சின்ன ரிவிட்டைக் காய்ச்சாமல் அப்படியே அடிப்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதானா?

இல்லை. பஸ்ஸில் ஒரு ரிவிட் கழன்றால் தகடு 'கடகட' என்று ஆடும். டிரைவர் டிப்போவில் விட்டு அடித்துக்கொள்வார். ஆகாயத்தில் 5 ஆயிரம் அடி உயரத்தில் டிப்போ ஏது?

"ஏன் வெல்டிங் வைக்கக் கூடாது?" என்று கேட்கலாம். விமானத் தகடு சாதாரண அலுமினியம் இல்லை. செம்பு கலந்து, பதமாகச் சூடுபடுத்தி முறுக்கேற்றிய தகடு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெல்டிங் சூடு பட்டால் அந்த முறுக்கு போச்சு! அதனால்தான் ரிவிட்.

இறக்கைக்குத் தோல் போர்த்துவது எப்படி?

இறக்கை ஒரு வீட்டுக் கூரை மாதிரி. நீளவாக்கில் உத்திரம். குறுக்கே விலா எலும்பு போல வரிசையாகத் தகட்டுச் சட்டங்கள். இதன் மேல் தகட்டைப் போர்த்துகிறார்கள். அதற்குப் பெயரே 'தோல்'தான்.

தோலைப் போர்த்தி உடனே அடித்துவிட முடியாது. முதலில் துளை. துளை போட்ட இடத்தில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்கணும். விட்டால் அங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும்.

அடுத்தது குழி. ரிவிட்டின் தலை வெளியே துருத்திக்கொண்டு நின்றால் காற்றுக்கு இடைஞ்சல். வேகம் குறையும். அதனால் துளையைச் சுற்றி கன்னத்துக் குழி போல அழுத்தி, தலை அதற்குள் அடங்கும்படி செய்கிறார்கள். கையால் தடவினால் தலை இருக்கிற இடமே தெரியக் கூடாது.

பிறகு தகட்டை சட்டத்தின் மேல் வைத்து, ஸ்பிரிங் வைத்த தற்காலிக ஊக்குகளைத் துளைகளில் குத்திப் பிடித்துக்கொள்வார்கள். தையற்காரர் ஓட்டுத் தையல் போட்டுக்கொள்கிற மாதிரி. அப்போது இறக்கையைப் பார்த்தால் முள்ளம்பன்றிதான்!

நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அடித்துக்கொண்டு போகணும். கண்ட இடத்தில் அடித்தால் தகடு நடுவில் உப்பிக்கொள்ளும். தகர டப்பா அடியை அழுத்தினால் 'டொப்' என்று சத்தம் வருமே, இறக்கை அந்தச் சத்தம் போடும்!

வெளியே ஒருத்தர்... உள்ளே ஒருத்தர்

இனிமேல்தான் கதையே.

ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேணும். வெளியே நிற்பவர் கையில் காற்றில் ஓடும் சுத்தியல். பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். விசையை அழுத்தினால் 'டர்ர்ர்' என்று படபடக்கும். உள்ளே இருப்பவர் கையில் ஒரு கனமான இரும்புக் கட்டை. ரிவிட்டின் வால் பக்கத்தில் அதை நேராக அழுத்திப் பிடிக்கணும்.

வெளியே அடிக்க அடிக்க, உள்ளே வால் நசுங்கி இன்னொரு தலையாக விரிகிறது. இரண்டு தலைக்கும் நடுவே தகடுகள் இறுகிக்கொள்கின்றன. ஒரு ரிவிட்டுக்கு ஒன்றிரண்டு விநாடிதான்.

உள்தலைக்குக் கணக்கு உண்டு. ரிவிட் கம்பியின் கனத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம். பாதி மடங்கு உயரம். கம்பி 3.2 மில்லிமீட்டர் என்றால் தலை 4.8 மில்லிமீட்டர் அகலம், 1.6 மில்லிமீட்டர் உயரம். குறைவாக அடித்தால் பிடிப்பு இல்லை. அதிகமாக அடித்தால் நசுங்கி வெடிக்கும். கட்டை கொஞ்சம் சாய்ந்தால் தலை ஒரு பக்கமாகச் சரிந்துவிடும்.

சுத்தியல் வழுக்கினால்? தகட்டில் பிறை நிலா வடிவத்தில் ஒரு வடு விழும். ஆயுசுக்கும் போகாது!

விஷயம் என்னவென்றால், சுத்தியல் பிடிக்கிறவருக்கு உள்தலை தெரியாது. அவர் பார்ப்பது வெளியே வழவழப்பான தகடு மட்டும். வேலை நன்றாக வந்ததா, கெட்டதா என்று பார்ப்பவர் கட்டை பிடிக்கிற ஆள்தான். இறக்கைக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்பவர். பல இடத்தில் அவருக்கும் கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும்.

சுத்தியல் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. அதனால் விமானத் தொழிற்சாலைகளில் ஒரு தட்டு பாஷை உண்டு.

ஒரு தட்டு: "பத்தலை, இன்னும் அடி."

இரண்டு தட்டு: "சரியா இருக்கு."

மூன்று தட்டு: "கெட்டுப்போச்சு. எடுத்துட்டு வேற அடி."

அந்த மூன்றாவது தட்டில்தான் ஆயிரம் உயிர் அடங்கியிருக்கிறது.

எடுக்கிறதும் ஒரு வித்தை

கெட்ட ரிவிட்டை எடுப்பது லேசு இல்லை. தலையின் நட்ட நடுவில் டிரில் வைக்கணும். தலை ஆழத்துக்கு மட்டும் துளைத்து, நெம்பி உடைத்து, மிச்சக் கம்பியைத் தட்டி வெளியே எடுக்கணும். டிரில் ஒரு முடி அளவு விலகினால் தகட்டுத் துளை பெரிதாகிவிடும். பிறகு அங்கே சாதா ரிவிட் நிற்காது. பருமனான ரிவிட் தேடணும்.

அனுபவசாலிகள் சொல்லும் சூட்சுமம் ஒன்று உண்டு. லேசாக அழகு குறைந்த ரிவிட் என்றால் விட்டுவிடு. எடுக்கப் போய் துளையைக் கெடுப்பதைவிட அது மேல். ஆனால் எது 'அழகு குறைந்தது', எது 'ஆபத்தானது' என்று அளந்து பார்த்துச் சொல்லணும். சோம்பலுக்காகச் சொல்லக் கூடாது!

வீட்டிலேயே விமானம்

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கார் ஷெட்டில் கட்டுகிறார்கள். ஓரிகன் மாநிலத்தில் வேன்ஸ் என்று ஒரு கம்பெனி. தகடு, சட்டம் எல்லாம் வெட்டிப் பெட்டியில் போட்டு அனுப்பும். வாங்கியவர் தானே ரிவிட் அடித்துச் சேர்க்கணும். அப்படிக் கட்டிப் பறந்தவை மட்டும் 10 ஆயிரத்துக்கு மேல்!

ஒரு விமானத்துக்கு ஆயிரக்கணக்கில் ரிவிட். ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரியில் அடித்து, லீவு நாளில் அடித்து... வருஷக்கணக்கில் இழுக்கும். கட்டை பிடிக்க ஆள்? மனைவிதான், மகன்தான், பக்கத்து வீட்டு நண்பர்தான். கம்பெனியில் இருப்பது போல சம்பளத்துக்கு இன்ஸ்பெக்டர் பின்னால் நிற்க மாட்டார். அரசாங்க ஆள் வந்து பார்க்கும்போது இறக்கையின் பெரும்பகுதி மூடிக் கிடக்கும். மூன்று தட்டு தட்டவேண்டிய ஆள் வீட்டு ஆள்தான்.

அந்த ஆட்கள் வாய் திறந்ததால் ஒரு பெரிய சமாச்சாரம் வெளியே வந்தது. 2023-ல் வேன்ஸ் அனுப்பிய பாகங்கள் சிலவற்றில் குழி அழுத்தும்போது துளை ஓரத்தில் விரிசல் கண்டது. துளைகளை லேசர் கதிரால் வெட்டிய விதத்தில் வந்த கோளாறு. கட்டுகிறவர்கள் தங்கள் ஷெட்டில் பார்த்துச் சத்தம் போட்டார்கள். பாகங்களை மாற்றிக் கொடுக்கும் சுமை கம்பெனி தலையில் விழுந்தது. மற்றப் பணக் கஷ்டங்களும் சேர்ந்துகொள்ள, அந்த வருஷம் டிசம்பரில் கம்பெனி திவால் கோர்ட்டில் பாதுகாப்பு கேட்டு நின்றது! 2024-ல் தப்பிப் பிழைத்து வெளியே வந்தது.

கம்பெனிக்குப் பணம் போச்சு. வாங்கியவர்களுக்குக் காலம் போச்சு. ஆனால் விரிசல் தரையிலேயே பிடிபட்டது. ஆகாயத்தில் பிடிபட்டிருந்தால்?

அதற்கும் உதாரணம் இருக்கிறது.

ஒரு வரிசை ரிவிட்... 520 பேர் பலி!

1985 ஆகஸ்டு 12. ஜப்பானில் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குக் கிளம்பியது ஒரு ஜம்போ ஜெட். உள்ளே 524 பேர். கிளம்பி 12 நிமிஷம்தான் ஆகியிருக்கும். பின்பக்கத்தில் 'டமார்!' என்று வெடிச்சத்தம். வால் பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தைத் திருப்பும் எண்ணெய்க் குழாய்கள் அத்தனையும் அறுந்தன. விமானிகள் அரை மணி நேரம் போராடினார்கள். கடைசியில் மலையில் மோதி நொறுங்கியது. 520 பேர் செத்தார்கள். பிழைத்தது நாலே பேர்.

குண்டா? சதியா? விசாரணையில் வெளியே வந்தது ரிவிட்!

ஏழு வருஷத்துக்கு முன்பு, 1978-ல், அதே விமானம் இறங்கும்போது வால் தரையில் உரசியது. உள்ளே காற்றை அடைத்து வைக்கும் பின்பக்கத் தடுப்புச் சுவர் சேதமானது. அதை ரிப்பேர் செய்தார்கள். இணைப்புக்கு ஒரே துண்டாக ஒரு தகடு வைக்கணும். அதை இரண்டாக வெட்டி வைத்துவிட்டார்கள். இரண்டு வரிசை ரிவிட் தாங்கவேண்டிய பாரம் ஒரே வரிசை மேல் விழுந்தது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ரிவிட் அடித்த மாதிரியே இருந்தது.

அந்த ஒற்றை வரிசையோடு விமானம் ஏழு வருஷம், 12 ஆயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் விரிசல் ஒரு மயிரிழை வளர்ந்தது. அன்றைக்கு அறுந்தது.

ரிப்பேர் செய்த இடத்தில் யாராவது மூன்று தட்டு தட்டியிருந்தால்?

பார்த்தார்... பேசாமல் இருந்தார்

மூன்று வருஷம் கழித்து ஹவாய் தீவில் இன்னொரு சம்பவம். 1988 ஏப்ரல் 28. அலோஹா கம்பெனி விமானம் 24 ஆயிரம் அடி உயரத்தில் பறக்கிறது. திடீரென்று முன்பக்கக் கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது! பணிப்பெண் ஒருவர் வெளியே உறிஞ்சப்பட்டு மாண்டார். மற்ற 94 பேரும் திறந்த கூரையோடு, பெல்ட் போட்டபடி, காற்றில் அல்லாடிக்கொண்டே தரை இறங்கினார்கள். அது அதிசயம்தான்.

காரணம், ரிவிட் துளைகளிலிருந்து கிளம்பிய விரிசல்கள். 90 ஆயிரம் தடவைக்குப் பக்கமாக ஏறி இறங்கிய பழைய விமானம். கடல் காற்று வேறு அரித்திருந்தது.

இதில் நெஞ்சை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஏறும்போதே ஒரு பயணி விமானத்தின் பக்கவாட்டில் ரிவிட் வரிசையை ஒட்டி ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. 'நமக்கென்ன தெரியும்' என்று நினைத்தாரோ என்னவோ! பேசாமல் போய் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். விசாரணை அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது.

பல்லாவரம் முதல் பம்பாய் மொட்டைமாடி வரை

நம் நாட்டில் இப்படி சொந்தமாக விமானம் கட்டியவர்கள் உண்டா? உண்டு.

1910 மார்ச்சிலேயே மதராசில் ஒருவர் செய்து காட்டினார்! மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்ற ஐரோப்பியர். வண்டி கட்டும் சிம்ப்சன் கம்பெனியில் தனக்கென ஒரு விமானத்தைச் செய்து வாங்கி, பல்லாவரத்தில் பறந்தார். அப்போதெல்லாம் மரச்சட்டமும் துணியும்தான். ரிவிட்டுக்கு வேலை இல்லை.

அலுமினியக் காலத்துக்கு வந்தால் பம்பாய் அமோல் யாதவ். விமானி. காந்திவலி சார்க்கோப்பில் ஐந்து மாடிக் கட்டடம். 19 பேர் கொண்ட கூட்டுக் குடும்பம். லிப்ட் கிடையாது. கடைசல் மெஷின், கம்ப்ரசர், என்ஜின் எல்லாவற்றையும் படிக்கட்டு வழியாகவே மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். அங்கே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். ஏறக்குறைய ஆறு வருஷ உழைப்பு!

2016 பிப்ரவரியில் பிரித்து இறக்கி, பம்பாயில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் நிறுத்தினார். கூட்டம் அலைமோதியது. ஆனால் பறக்க விடணுமே! அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சம் இல்லை. 2017 நவம்பரில்தான் பதிவு நம்பர் கிடைத்தது. 2019 அக்டோபரில் பறந்து பார்க்க அனுமதி. 2020-ல் மராட்டியத்தின் துலே விமானத் தளத்தில் அந்த விமானம் தரையை விட்டு எழும்பியது.

"வீட்டில் கட்டியதற்கு இவ்வளவு கெடுபிடியா?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஃபைல் நகராமல் கிடப்பது வேறு, சோதனை என்பது வேறு. ஃபைல் தூங்கக் கூடாது. சோதனை தூங்கவே கூடாது. விமானம் விழுந்தால் கட்டியவர் தலையில் மட்டும் விழாது. கீழே குடியிருக்கிறவர் தலையிலும் விழும்.

ஆனால் எத்தனை ஆபீசர் கையெழுத்துப் போட்டாலும், மூடிய இறக்கைக்குள் ஒவ்வொரு ரிவிட்டாக எட்டிப் பார்க்க முடியாது. அந்த இடத்தைக் கடைசியாகப் பார்த்த ஆள், கட்டை பிடித்தவர்தான். கை வலிக்கிறது, நேரமாகிறது, ஏற்கெனவே இரண்டு தடவை எடுத்தாகிவிட்டது, வெளியே நிற்பவர் முகம் சுளிக்கிறார்... இத்தனைக்கும் நடுவே அவர் மூன்று தட்டு தட்டணும். தட்டினால் ஒரு மணி நேரம் வீண். தட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏழு வருஷம்கூடத் தெரியாது.

மளிகைக் கடை தராசில், ஆபீஸ் கணக்குப் புத்தகத்தில், பாலத்துக்குப் போடும் கம்பியில்... இப்படி மூடினால் தெரியாத இடம் எல்லா வேலையிலும் ஒன்று இருக்கிறது.

தளி பஸ் பெலகொண்டப்பள்ளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. பழைய பஸ்ஸாக இருந்தால் பக்கத்துத் தகட்டில் எங்கோ ஒரு ரிவிட் ஆடுகிறது. 'கடகட... கடகட...'

கண்டக்டர் காதில் விழுந்தால் சரி. விழாவிட்டால், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறவர் சொல்லலாம்!